கோப்பையைக் கெடுத்த கூச்சல்

இந்தக் கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கண்டனத்துக்கே ஒரு கம்பீரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும் உறையூர் நீலக்கொடி கால்பந்து ரசிகர் மன்றத்தின் தலைவர், அண்ணன் அற்புதசாமி அவர்களே! எனக்கு முன்னால் பேசி, மைக்கில் பாதிக் கோபத்தையும் மீதி எச்சிலையும் விட்டுச் சென்றிருக்கும் துணைத் தலைவர் அவர்களே! மைதானத்துக்குள் பதினொரு பேர் ஓட, வெளியே நின்று தொண்டையால் மட்டுமே ஆடிய பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கணவன்மார்களைக் காணாமல் காத்திருந்த தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் கேப்டன் ஸ்டீபன்ராஜ் அவர்களே, அவரைப் பெற்ற அம்மா பாக்கியமேரி அவர்களே! தென்னூரிலிருந்து வேவு பார்க்க யாராவது வந்து பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால், அந்த அன்பர் அவர்களே! அனைவருக்கும் இந்த மன்றத்தின் கொள்கை பரப்புச் செயலாளர், பாத்திரக்கடை சின்னையாவின் பணிவான வணக்கம்.

என்ன அங்கே சிரிப்பு? கால்பந்து மன்றத்துக்குக் கொள்கை எதற்கு என்கிறீர்களா? நமக்கு ஒரு கொள்கை உண்டு ஐயா. ஒரே ஒரு கொள்கை. தென்னூர் தோற்க வேண்டும்! நாம் ஜெயித்தால் நமக்கு மகிழ்ச்சி. தென்னூர் தோற்றால் நமக்குத் திருவிழா. நாமும் தோற்று, தென்னூரும் தோற்றால்கூட அன்றைக்கு உறையூரில் இனிப்பு வழங்கிய மன்றம் இந்த மன்றம்!

நம்முடைய பற்று சாதாரணப் பற்றா? பல்வலியில் கன்னம் பணியாரமாக வீங்கியபோதும் தென்னூர்ப் பல் டாக்டரிடம் போக மாட்டேன் என்று வைராக்கியமாக நின்றவர் நம் துணைத் தலைவர். பெண் பார்க்கப் போன வீட்டின் காம்பவுண்டில் தென்னூரின் சிவப்புக் கொடியைக் கண்டு, பஜ்ஜியைத் தொடாமல் திரும்பியவர் நம் சரவணன். இன்றுவரை அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, அந்த பஜ்ஜியும் கிடைக்கவில்லை. வருத்தப்படாதே தம்பி, வரலாறு உன்னை வாழ்த்தும்.

அப்படிப்பட்ட நமக்கு இந்த ஆண்டு வந்தது பாருங்கள் ஒரு சோதனை! லீக் போட்டிகளில் நம்முடைய ஆட்டங்கள் அத்தனையும் முடிந்து, நாம்தான் முதலிடம். நமக்கு இரண்டே புள்ளி பின்னால் திருவெள்ளறை. மீதம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதில் திருவெள்ளறை ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. தோற்றாலோ, சமன் ஆனாலோ கோப்பை நமக்கு. சரி, அந்த ஆட்டத்தில் திருவெள்ளறையை எதிர்த்து ஆட வேண்டியவர்கள் யார்? எந்தப் பெயரைச் சொன்னால் நாம் வாய் கொப்பளிப்போமோ, அந்தத் தென்னூர்!

நினைத்துப் பாருங்கள் தாய்மார்களே. உறையூர்க்காரன் தென்னூருக்காகக் கைதட்ட வேண்டும். உறையூர்க்காரன் தென்னூர் கோல் போட வேண்டும் என்று கோயிலுக்கும் சர்ச்சுக்கும் தர்காவுக்கும் போய் வேண்ட வேண்டும். வேண்டினோமா இல்லையா? வேண்டினோம்! வெளியே தெரியாமல் வேண்டினோம். ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் தையற்கடை ரஷீதாம்மாவிடம் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் ஒரு முழம் சிவப்புத் துணி கேட்டேன். அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "துணி தீந்துபோச்சுங்கண்ணே. மன்றத்து ஆளுங்கதான் ஒவ்வொருத்தரா வந்து, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டாங்க. மொத ஆளா வந்ததே உங்க தலைவர்தாங்க."

தலைவர் அவர்களே, முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நம் எல்லோருடைய நீலச் சட்டைக்குள்ளும் ஒரு சிவப்புத் துணி இருந்தது. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போன அந்த டவுன் பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோமே, ஏதோ துக்க வீட்டுக்குப் போவதாக நினைத்து கண்டக்டர்கூட மெதுவாகத்தானே விசில் ஊதினார்!

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். கொள்ளிடக் கரை மைதானம். திருவெள்ளறை ஒரு கோல் போட்டுவிட்டது. நேரம் ஓடுகிறது, நம் உயிர் ஓடுகிறது. முழங்கால் தேய்ந்துபோய், இதுதான் கடைசி ஆண்டு என்று டாக்டர் சொல்லிவிட்ட நம் ஸ்டீபன்ராஜ், எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் ஆடியும் அந்தக் கைகள் ஒரு கோப்பையைத் தொட்டதில்லை. நெஞ்சு வலிக்கிறதா இல்லையா? எனக்கு இப்போதும் வலிக்கிறது. அந்த நேரத்தில் வந்தது ஐயா, பெனால்டி! தென்னூருக்குப் பெனால்டி! போட்டால் ஆட்டம் சமன். போட்டால் கோப்பை நமக்கு! பந்தை எடுத்து வைத்தவன் தென்னூர் அரவிந்தன். இந்த மாவட்டத்தில் அவன் காலைப்போல் ஒரு கால் இல்லை. மேலே அடித்தான். பந்து கொள்ளிடத்தை நோக்கிப் பறந்தது. நம் கோப்பையும் அதோடு பறந்தது.

வேண்டுமென்றே அடித்தான் என்கிறோம் நாம். விலை போய்விட்டான் என்கிறோம் நாம். போதாக்குறைக்குத் தென்னூரில் அவனுக்கு ஃபிளெக்ஸ் போர்டு வேறு வைத்துவிட்டார்கள், 'உறையூரின் கனவை உதைத்தெறிந்த உத்தமரே' என்று! ஆகவே அவனை வாழ்நாள் முழுக்க ஆடவிடாமல் தடை செய்யச் சொல்லி மாவட்டச் சங்கத்துக்கு ஒரு தீர்மானம் போடுகிறோம். அதை வாசிக்கும் பெரும் பேற்றை எனக்குத் தந்திருக்கிறீர்கள்.

வாசிக்கிறேன். வாசிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அந்த ஃபிளெக்ஸ் போர்டை மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறிக் கழற்றியவன் அதே அரவிந்தன். கழற்றிவிட்டு நம் ஸ்டீபன்ராஜுக்கு போன் போட்டிருக்கிறான். "கோல் போடத்தாண்ணே பாத்தேன். உங்களுக்காகவே போடணும்னு பாத்தேன். கடைசி எட்டுல திடுக்குன்னு ஆயிடுச்சுண்ணே. இதை எங்க ஏரியால சொன்னா சிரிக்கிறாங்க, உங்க ஏரியால வந்து சொன்னா அடிப்பாங்க. அடுத்த மாசம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு செலக்ஷன் இருக்கு. உங்க ஆளுங்க புகார் குடுத்துட்டா எல்லாம் போச்சுண்ணே" என்று அழுதிருக்கிறான்.

"நடிப்பு" என்கிறார் பின்னால் ஒருவர். இருக்கலாம் ஐயா, நடிப்பாகவே இருக்கலாம். ஆனால் திடுக்கென்றது என்கிறானே, எதனால்? தாய்மார்களுக்குத் தெரியாது. அதனால் நம் மன்றத்தின் மாபெரும் கண்டுபிடிப்பைச் சொல்லிவிடுகிறேன். உறையூர் ஊளை! எதிராளி பெனால்டிக்குப் பந்தை வைத்ததும் நாம் அத்தனை பேரும் மூச்சுக்கூட விட மாட்டோம். குண்டூசி விழுந்தால் கேட்கும். அவன் ஓடி வந்து காலைத் தூக்கும் அந்தக் கணத்தில், என் கடையின் காலி எண்ணெய் டின்கள் முழங்க, ஒரே தொண்டையாக ஓர் ஊளை! தென்னூர்க்காரன் பந்தை வைத்தபோது நாம் ஊளையிடாத நாள் ஒன்று உண்டா?

என்ன, இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்?

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். மேடைக்கு வந்தவுடன் எனக்குக் கொடுத்த எலுமிச்சம்பழம் இதோ. கீழே வைக்கிறேன். இதுதான் பந்து. நான்தான் தென்னூர் அரவிந்தன். அதோ அந்த சோடா பெட்டிதான் கோல். நான் இதை உள்ளே அடித்தால் கோப்பை நமக்கு. ஸ்டீபன்ராஜ் கையில் கோப்பை! ஆகவே எல்லோரும் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். இருப்பீர்களா? சத்தியமாக? தலைவர் அவர்களே, நீங்களும்? நல்லது. இதோ பின்னால் போகிறேன். தென்னூர் அரவிந்தன் வருகிறான்... வருகிறான்... காலைத் தூக்கு...

ஐயோ! நிறுத்துங்கள்! நிறுத்துங்கள் ஐயா! பந்தல் காலெல்லாம் ஆடுகிறது! தலைவர் அவர்களே, நாற்காலி மேல் ஏறி நின்று ஊளையிட்டது நீங்கள்தானே? நியாயமா? எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. என் வலது காலில் கிடந்த செருப்பு எங்கே? காற்றில் போனது தெரிகிறது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

இப்போது சொல்லுங்கள். நான் விலை போய்விட்டேனா? நானும் வேண்டுமென்றேதான் அடித்தேனா? அன்றைக்கு நம்மில் யாருமே ஊளையிட வேண்டும் என்று முடிவு செய்யவில்லை. சிவப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, தென்னூருக்காக வேண்டிக்கொண்டே, தென்னூரைப் பார்த்து ஊளையிட்டோம்! எத்தனை வருடத்துப் பழக்கம்! கோப்பை நம் வாசலுக்கு வந்தபோது வாயைத் திறந்து அதைத் துரத்தியது நாம். அந்தக் கணத்தில் ஸ்டீபன்ராஜ் எந்தப் பக்கம் திரும்பினார், நினைவிருக்கிறதா? பந்தைப் பார்க்கவில்லை. அரவிந்தனைப் பார்க்கவில்லை. திரும்பி நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நமக்கு இன்றைக்கு ஒரு துரோகி தேவைப்படுகிறான்!

அம்மா ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார்கள். அமைதி! பாக்கியமேரி அம்மா, உரக்கச் சொல்லுங்கள். கேட்டீர்களா பெரியோர்களே? "எம் புள்ளைக்குத்தான் கப்பு கெடைக்கல. அந்தத் தம்பிக்கு வேலையாவது கெடைக்கட்டும்ங்க" என்கிறார்கள். ஊரில் இந்தத் தோல்வியால் அதிகம் அழுத வீடு அந்த வீடு. அந்த வீட்டுக்கே அவன்மேல் கோபம் இல்லை என்றால், உனக்கும் எனக்கும் என்ன கோபம்?

ஆகவே இந்தத் தீர்மானத்தை நான் வாசிக்கப் போவதில்லை. வேறொன்று முன்மொழிகிறேன். 'அரவிந்தன் அடித்த பந்து வெளியே போனதற்கு உறையூர் நீலக்கொடி ரசிகர் மன்றத்தின் ஊளையே காரணம், அவன்மேல் எங்களுக்குப் புகார் இல்லை' என்று மாவட்டச் சங்கத்துக்கு எழுதி, அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவோம். ஏற்பவர்கள் கை தூக்குங்கள்! ஆகா! சரவணா, இரண்டு கையையும் தூக்காதே, ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். தலைவர் அவர்களே, அந்தக் கை தூக்குகிறதா, தலையைச் சொறிகிறதா? தூக்குகிறது, தூக்குகிறது! தீர்மானம் நிறைவேறியது!

விடைபெறும் முன், நம் பெருந்தன்மைக்கு அடையாளமாகத் 'தென்னூர் வாழ்க' என்று ஒரே ஒரு முறை முழங்கி முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். நான் சொல்கிறேன், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். தென்... தென்னூ... மன்னிக்க வேண்டும். வரவில்லை. சோடா குடித்தும் வரவில்லை. அது அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். ஊளையிட்டுக்கொண்டே கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, நெஞ்சார்ந்த வணக்கம். என் செருப்பு யார் மடியில் கிடக்கிறதோ, அவர் தயவுசெய்து மேடைக்குக் கொடுத்தனுப்புங்கள்.