மாகறல் வீட்டு அடுப்பு

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா தாண்டவராயன் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மறைந்த செவிலியரின் அருமைத் தங்கை தேவகி அவர்களே! நடவு வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூர் வரைக்கும் வந்து, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் இடுப்பில் இருந்தபடி என்னைப் பார்த்து அழத் தயாராகும் குழந்தைகளே! பயப்படாதீர்கள், ஊசி போடுகிறவன் நான் இல்லை. நான் கம்பவுண்டர் ஜெகநாதன். பொடியும் மாத்திரையும் கொடுக்கிறவன்.

செவிலியர் ஏலவார்குழலி அம்மையாரோடு ஒரே சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் பேசியவர்கள் எல்லாரும் அவரைத் தெய்வம் என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பஞ்சரான சைக்கிளைத் தெய்வம் சேற்றில் தள்ளிக்கொண்டு போகுமா? மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னால், தெய்வம் என்னை அந்த வாங்கு வாங்குமா? அவர் மனுஷி. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண். நன்றாகக் கோபப்படுவார், அதைவிட நன்றாகச் சிரிப்பார். போன மாதம் காமாலையில் படுத்தார், பதினோரு நாளில் போய்விட்டார். ஐம்பத்தொரு வயது ஒரு வயதா?

அவர் பார்த்த பிரசவங்களைச் சொன்னீர்கள். அவர் போட்ட படங்களை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? உங்களில் யார் வீட்டில் அவர் படம் போடவில்லை? வலி எடுத்த வீட்டுக்குப் போவார். முதலில் பெண்ணைப் பார்ப்பார். இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்தால் ஓரமாக உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கலர் பெட்டியைப் பையிலிருந்து எடுப்பார். இரண்டு உள்ளங்கை அளவுக் காகிதம். அதில் அந்த வீடு வரும். அடுப்படி வரும். கொடியில் கிடக்கும் புடவை, உறியில் தொங்கும் சட்டி, சுவரில் சாய்த்த முறம் எல்லாம் வரும். ஆட்களை மட்டும் வரைய மாட்டார். கண்பட்டுவிடும் என்று வீட்டார் பயப்படுவார்களாம்.

போன இடத்தில் இது என்ன விளையாட்டு என்று ஒருநாள் கேட்டேன். "நான் கைய கட்டிக்கினு ஒக்காந்தா வூட்டுக்காரங்களுக்கு வவுறு கலங்குதுண்ணே. படம் போட்டுக்கினு இருந்தா, இன்னும் நேரம் கீதுன்னு தைரியமா இருப்பாங்க" என்றார். அது உங்களுக்கும் தெரியும். நர்சம்மா பிரஷ்ஷைக் கழுவிவிட்டார் என்றால் வெந்நீர் வைக்க ஓட வேண்டும். எத்தனை வீடுகளில் அப்படி ஓடியிருக்கிறீர்கள்!

ஊராருக்குத் தைரியம் கொடுக்க மட்டும் அவர் வரைந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. சாணி மெழுகிய தரையில் வெயில் விழுகிற நிறம் எந்தப் பெட்டியிலும் இல்லை என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தார். கடைசியில் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு கேட்டார். சர்க்கார் மருந்தைக் கொடுக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொடுத்தேன். அந்தத் தரை அப்படியே வந்தது!

இப்போது நான் சொல்லப்போவது இந்த மேடைக்கு ஏற்றதா, எனக்குத் தெரியாது. சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

எழுபத்தாறாம் வருஷம். குடும்பக் கட்டுப்பாடு போஸ்டர்கள் கட்டுக்கட்டாக வந்து குவிந்தன. பின்பக்கம் வெள்ளை. அம்மையார் அதை வெட்டி வெட்டிப் படம் போட்டு, ஒரு கட்டாக எங்கள் ஸ்டோர் அலமாரியில் வைத்திருந்தார். எனக்குத் தெரியாது. அந்த ஐப்பசி அடைமழையில் ஊரெல்லாம் காய்ச்சல். பொடி மடிக்கக் காகிதம் தீர்ந்துவிட்டது. அலமாரியைத் திறந்தேன். அச்சடித்த பக்கம் மேலே தெரிய அந்தக் கட்டு இருந்தது. வழவழப்பான பக்கத்தில் பொடி ஒட்டாது, கம்பவுண்டருக்கு வேறென்ன வேண்டும்? கட்டோடு கத்தியை வைத்து நான்காக அறுத்தேன். பொடியை வைத்தேன், மடித்தேன், கொடுத்தேன். பின்பக்கம் பழுப்பும் கருப்புமாக ஏதோ தெரிந்தது. அச்சு மை ஊறியிருக்கிறது என்று நினைத்தேன். வாசலில் நூறு பேர் இருமும்போது யார் திருப்பிப் பார்ப்பார்கள்? நான் பார்த்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் மாகறலிலிருந்து பச்சமுத்து வந்தார். இதோ, மூன்றாவது வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஒரு காலிப் பொட்டலத்தை என் மேஜைமேல் விரித்தார்.

"இன்னா கம்பவுண்டரே, உன் மருந்து பொட்டலத்துல எங்க வூட்டு அடுப்பு கீது?"

ஒரு குமிழ் உடைந்து, செங்கல் முட்டுக்கொடுத்த அடுப்பு. அவர் மருமகளுக்குப் பிரசவம் ஆனபோது அம்மையார் போட்ட படம். தன் வீட்டு அடுப்பு ஒரு மனிதனுக்கு அடையாளம் தெரியாதா? நான் அறுத்த கட்டு எதுவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு படம், பெருமக்களே! எண்பத்தெட்டுப் பொட்டலமாக ஊர் ஊராகப் போய்விட்டது. அடுப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்று பச்சமுத்துவை அனுப்பினேன்.

அன்று மத்தியானமே அம்மையார் வந்தார். "அண்ணே, அலமாரில ஒரு கட்டு வெச்சிருந்தேன். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன்.

நான்கு நாள் தேடினார். குப்பைக்குழியைக்கூடக் கிளறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் ஒரு தகரப்பெட்டி வாங்கி, புதிதாக வரைய ஆரம்பித்தார். தினமும் காலையில் வந்ததும், "நாஷ்டா ஆச்சாண்ணே?" என்று முன்போலவே கேட்டார். பத்து வருஷம் கேட்டார். ஆச்சும்மா என்று பத்து வருஷம் சொன்னேன்.

போன புதன்கிழமை தேவகி அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு நான்கு கட்டம். கட்டங்களில் என் பொட்டலக் காகிதங்கள், மடிப்பு நீக்கி ஒட்டியவை. ஒவ்வொன்றின் கீழும் கிடைத்த இடம், கிடைத்த நாள். 'பழையசீவரம், செல்லம்மாள் வீடு, விபூதி மடித்தது.' இன்னொரு வீட்டில் குங்குமச் சிமிழுக்கு அடியில். பிரசவத்துக்குப் போன வீட்டிலெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார். எண்பத்தெட்டில் ஐம்பத்து மூன்று! முதல் துண்டின் தேதியைப் பார்த்தேன். நான் பொய் சொன்ன ஒன்பதாம் நாள். இந்த வட்டாரத்தில் பொட்டலம் மடிக்கிறவன் நான் ஒருவன்தான். ஒன்பதாம் நாளே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் அத்தனை காலையும் நாஷ்டா ஆச்சா என்று கேட்டிருக்கிறார்!

நோட்டில் மாகறல் வீட்டுக்கான பக்கத்தில் மூன்று துண்டு இருக்கிறது. அடுப்பு இருக்க வேண்டிய கட்டம் காலி. அவருக்கா மறுபடி வரையத் தெரியாது? வரையவில்லை. அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதியிருக்கிறார். பச்சமுத்து, உன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும். எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறேன்.

'கம்பவுண்டர் அண்ணனிடம் இருக்கிறது. அவராகத் தருவார்.'

தாய்மார்களே, இன்னும் முப்பத்து நான்கு துண்டு உங்கள் வீடுகளில் எங்கோ இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் பாருங்கள், சாமி மாடத்தில் பாருங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம். நான் ரிட்டையர் ஆனவன், சைக்கிள் இருக்கிறது, ஒவ்வொரு ஊருக்கும் நானே வருகிறேன். வாசலில் நின்று, இது என் தப்பு என்று சொல்லிக் கேட்டு வாங்குவேன். கால் ஓடுகிற வரைக்கும் இந்த வேலையைச் செய்வேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்.

முப்பத்தைந்தாவது துண்டு இதோ, என் பையில் இருக்கிறது. பத்து வருஷமாக எந்தச் சட்டை போட்டாலும் இது அதில் இருந்தது. தேவகி, அந்த நோட்டைக் கொண்டு வாம்மா. மைதாப் பசை நானே காய்ச்சிக் கொண்டுவந்திருக்கிறேன். அறுத்த கை என்னுடையது, நீயே ஒட்டிவிடு.