ஒரு நூல்கூட உருவவில்லை

பின்னல் என்றால் எனக்கு உயிர், ஐயா. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என் கையில் கொடுத்த முதல் நூலே ஆட்டு ரோம நூல். அன்றிலிருந்து கம்பளி, பருத்தி, பட்டு தவிர வேறு நூலை இந்த விரல்கள் பின்னியதில்லை. செயற்கை நூலைப் போர்த்திக்கொள்வதும் பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான். பக்குவமாகத்தான் எடுத்துச் சொல்வேன். அதற்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அதனால் சொல்வதை விட்டுவிட்டுச் சோதிக்க ஆரம்பித்தேன். ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினால் போதும். கம்பளியானால் மயிர் கருகும் நாற்றம் வரும், தானே அணைந்துவிடும். போலியானால் உருகிச் சொட்டும். பேருந்தில் முன்னால் உட்கார்ந்தவரின் மஃப்ளர், எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் குல்லா என்று யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் நூல் எடுத்தேன். குல்லா மொத்தமும் அவிழ்ந்துபோனது உண்மை. போலிக் குல்லா, போனால் போகிறது.

என் ஓரகத்தியிடம் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. ஒருநாள் அவள் தானே பின்னிய சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமியார் தடவிப் பார்த்தார்.

"பெரியவளே, தொட்டுப் பாரேன், பூனைக்குட்டி மாதிரி இருக்கு. நீ பின்னிக் குடுத்தது முள்ளா குத்துதுடி."

"அசல் கம்பளி குத்தத்தான் செய்யும் அத்தை."

"இதுவும் அசல்தான்க்கா. நூல் கடைக்காரர் அடிச்சுச் சொன்னார்."

"ஒரே ஒரு நூல் குடு, பார்த்துடலாம்."

"ஆளை விடுங்க. குல்லா கதை எனக்கும் தெரியும். இதுல ஒரு நூல்கூட உருவ மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நான் சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். இதை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சால்வையைக் கழுத்துவரை போர்த்தியபடி சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்பிக் கேட்டிருக்கலாம். அசந்து தூங்குகிறவளை எழுப்ப மனசு வரவில்லை. நூலை உருவவில்லை, சால்வை சால்வையாகவே இருந்தது. தீக்குச்சியை மட்டும் தோளோரம் கொண்டுபோனேன். முறைப்படி கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருந்தேன். கிண்ணம் கொஞ்சம் சின்னது.

ஆம், தீ வைத்தது நான்தான். சால்வை உருகிச் சொட்டியது. அவள் பிழைத்திருந்தால் போலிதான் என்று அவளே ஒப்புக்கொண்டிருப்பாள்.

ஒரே ஒரு நொடி மட்டும் என் மனசாட்சி உறுத்தியது. நடுவில் மயிர் கருகும் நாற்றம் வந்தது. அசல் கம்பளியைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே, ஒரு பெண்ணின் மீது அநியாயமாகப் பழி போட்டுவிட்டோமே என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கவே வாயைத் திறந்துவிட்டேன்.

அப்புறம் குனிந்து பார்த்தால், அது அவள் தலைமுடி.

அப்பாடா என்று இருந்தது.