நீச்சல் தெரியாத மேடம்

அந்த டவலப் போத்திக்கிட்டு உக்காருங்க மேடம். இன்னிக்குத் தண்ணியில எறங்க வேணாம், கொஞ்சம் பேசணும். சேச்சே, திட்டறதுக்குக் கூப்பிடல. உங்களுக்கு நல்லா நீச்சல் தெரியும்ல? அதப்பத்திதான்.

சிரிக்காதீங்க. பதினேழு வருஷமா இந்தக் குளத்து ஓரத்துல விசில் ஊதிக்கிட்டிருக்கேன், என்கிட்டயே கத விடுறீங்களா?

தெரியாதவங்க பண்ற தப்பு ஒருதரம் மாதிரி மறுதரம் இருக்காது. இந்தவாட்டி முட்டி மடங்கும், அடுத்தவாட்டி கழுத்து வெறைக்கும், அதுக்கடுத்தவாட்டி மூக்குல தண்ணி ஏறி என்னத் திட்டுவாங்க. உங்க தப்பு மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. எட்டு நாளா அதே முட்டி, அதே அளவு மடங்குது!

சரி, அத விடுங்க. புதன்கிழமை பலகையப் பிடிச்சுக்கிட்டுக் கால் அடிச்சீங்களே, உங்க பையன் எப்படிப் படிக்கிறான்னு கேட்டுக்கிட்டே கரையில கூட நடந்தேன். பயம் தெளியட்டும்னு எல்லார்கிட்டயும் பேச்சுக் குடுக்கிறதுதான். புதுசா கத்துக்கிறவங்க வாயத் தொறந்தா கால் நின்னுடும். ரெண்டையும் ஒண்ணா சமாளிக்க வராது. நீங்க அவனோட கணக்கு டீச்சரத் திட்ட ஆரம்பிச்சீங்க பாருங்க, காலு தானா நேராயிடுச்சு! இடுப்புலேருந்து அடி, தண்ணிகூட தெறிக்கல. நெனப்பெல்லாம் டீச்சர்மேல போனதும் நடிக்கிறத மறந்துட்டீங்க.

என்ன வேவு பாக்க யாரு அனுப்பினது, ஆபீஸா? டிக்கெட் கவுன்ட்டர்ல ஒரு சொட்டத்தலையன் உக்காந்திருக்கானே, அவன்தான் போட்டுக்குடுத்திருப்பான். இந்த ஆளு ரெண்டு வருஷமா தண்ணியில கால நனைக்கிறதே இல்லன்னு. காதுல சீழு, டாக்டர் எறங்கக் கூடாதுன்னுட்டாருன்னு நான் சொன்னப்போ அய்யோ பாவம்னு உச்சுக் கொட்டினான், நடிகன்! இல்லையா? அப்போ கூட்டித் தொடைக்கிற அக்காவா? சரி, சொல்ல வேணாம். நீங்க உங்க வேலயப் பாக்குறீங்க, என் வேல போகும். அவ்வளவுதானே.

இருங்க, எந்திரிக்காதீங்க. நேத்து ஆழத்துப் பக்கம் போயி, கால் வழுக்கின மாதிரி முங்கினீங்களே, அதுவும் நாடகந்தானே? ஆங், தலய ஆட்டிட்டீங்க. நடிப்புன்னு தெரிஞ்சுதான் நான் குதிக்கல. ரிப்போர்ட்டுல அப்படியே எழுதுங்க. ஆள சரியா எட போட்டான்னு எழுதுங்க. நியாயமா பாத்தா நீங்க எனக்குப் பாராட்டுப் பத்திரம்ல தரணும்!

ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கேன். அந்தா, சுவத்துல மாட்டியிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு அடியில போயிடுச்சு, குதிச்சுத் தூக்கினேன். பொழச்சுக்கிச்சு, இப்போ சைக்கிள்லாம் ஓட்டுது. ஊரே கை தட்டுச்சு. மறுநாள் காலையில எப்பவும் போலக் குதிக்கலாம்னு விளிம்புல போயி நிக்கிறேன், கால் வரல. எத்தன ஆயிரம் தடவ குதிச்ச கால் மேடம்! எப்படிக் குதிக்கணும்னு இப்பக் கேட்டாலும் அழகா சொல்லிக்குடுப்பேன். போன்னா போக மாட்டேங்குது. காதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு.

என்னது? ஆமா, புதன்கிழமை பாத்தது நெசந்தான், முட்டியும் நெசந்தான். ஆனா அதெல்லாம் நேத்து வீட்டுக்குப் போனப்புறம் ஒக்காந்து ஒண்ணொண்ணா யோசிச்சுக் கோத்தது. நீங்க முங்கின நேரத்துல எனக்கு ஒண்ணும் தோணல. செத்துடப் போறாங்கன்னுதான் நெனச்சேன். நெனச்சுக்கிட்டே நின்னேன். பக்கத்துல கம்பு கெடந்துச்சு, அதக்கூட எடுத்து நீட்டல. நீங்களாத்தான் மேல வந்தீங்க.

ஆறு மணிக்குச் சின்னப் புள்ளைங்க வருவாங்க, பதினோரு பேரு. அதுங்களுக்கு நடிக்கத் தெரியாது மேடம். வேற ஆள வரச் சொல்லுங்க.