பகா எண் தேடிய பொறியாளர் யோகப்பிரியா

அவைத்தலைவர் சாந்தம்மாள் அவர்களே, மகளை இழந்த துயரோடு கோபாலபுரத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் செங்கோட்டையன் ஐயா அவர்களே, சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்புத் தோழர்களே, எஸ்டேட் தாய்மார்களே! லைன்மேன் மாரீஸ்வரனின் வணக்கம்.

நம் உதவிப் பொறியாளர் யோகப்பிரியா அவர்களைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. மின்சாரம் அவருடைய வேலை. பகா எண் அவருடைய வியப்பு! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண் அது. இரண்டைக் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் மாபெரும் எண்களில் பகா எண் இருக்கிறதா என்று உலகெங்கும் பலர் தங்கள் கணினிகளில் தேடுகிறார்கள். அவர்களில் ஒருவர் நம் யோகப்பிரியா!

ஒரு மழைக்காலம். மரம் சாய்ந்து லைன் அறுந்தது. கம்பத்தில் நான். வாரக்கணக்காக அவர் வீட்டுக் கணினியில் ஓடிய சோதனை அன்று முடிய வேண்டும். அந்த வீடும் அதே லைனில்தான். அலுவலகத்து ஜின்சி கேட்டார்: “மேடம், சீக்கிரம் ஆன் பண்ணச் சொல்லவா? உங்க கணக்கும் முடிஞ்சிரும்லா?”

“அந்த எண்ணு எங்கீங்க போயிரப் போவுது? மனுசன் பொறக்கறதுக்கு முன்னாலயும் அது அப்படியேதான் இருந்துச்சு. மேல மாரீஸ்வரன் இருக்கறாருங்க. மொதல்ல அவரு எறங்கட்டும்.”

இறங்கினேன். அதனால்தான் இன்று உங்கள் முன் நின்று பேசுகிறேன்!

சோதனை முடிந்தது. பகா எண் இல்லை.

நான் கேட்டேன்: “அப்ப எதால வகுபடும் மேடம்?”

“அது யாருக்குந் தெரியாதுங்க. பகா எண்ணா இருந்தா கடைசில வரவேண்டிய மீதி வரலை. அதனால வகுபடுங்கறது உறுதி. எதாலன்னு தெரியாமயே உறுதி! மேலு சிலுக்குதில்லீங்களா?”

சிலிர்த்தது தோழர்களே! தோற்றுப்போன கணக்கின் முன் இப்படிக் கைகூப்பி நின்றவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இரண்டாயிரத்து இருபத்துநான்கில் வேறு யாரோ ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். நான்கு கோடி இலக்கங்களுக்கும் மேல்! கணினியின் இரும எண்முறையில் எழுதினால் முதலிலிருந்து கடைசி வரை ஒன்று, ஒன்று, ஒன்று. ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது! அன்று யோகப்பிரியா ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார்.

ஜின்சி கேட்டார்: “யாரோ கண்டுபிடிச்சதுக்கு நீங்க எதுக்கு மேடம் லட்டு குடுக்கிய?”

“கண்டுபிடிச்சவங்களுக்கு மட்டுமா அது சொந்தம்? இத்தனை பெருசு ஒன்னு, பிரிக்க முடியாம முழுசா நிக்குதுங்க. நாம உசுரோட இருக்கறப்ப அதைத் தெரிஞ்சுக்கிட்டோமே, அது போதாதுங்களா?”

அதற்குமேல் இன்னும் எத்தனை? முடிவின்றி எத்தனையோ பகா எண்கள் உண்டு என்பது நிரூபணமான உண்மை. ஆனால் இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் இந்த வகையில் முடிவின்றி உண்டா என்பதை இதுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் அவர் போனார்.

தோழர்களே, நம் வாசகசாலைக் கணினியில் இன்று ஒரு புதிய எண்ணைச் சோதிக்கத் தொடங்குகிறோம். அது பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. தெரிந்தேதான் தொடங்குகிறோம். இது முடிந்தால் அடுத்தது, அதற்குப் பின் இன்னொன்று!

செங்கோட்டையன் ஐயா, எழுந்து வாருங்கள். முதல் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.