ஜிப்பை மூடினது யாரு?

சிர்பா: சிலிண்டரக் கழட்டியாச்சுல்ல? திரும்புடா டௌனோ, முதுகு ஜிப்பத் தெறந்து விடறேன்.

டௌனோ: வேணாம்... இப்படியே இருக்கேன்.

சிர்பா: இப்படியேன்னா? இந்த டைவிங் சூட்டோடயே வீட்டுக்குப் போவியா?

டௌனோ: காத்து நல்லாருக்கு.

சிர்பா: உதடு புளூபெர்ரி தின்ன மாதிரி இருக்கு, காத்து நல்லாருக்காம்! அந்த ஐஸ் தண்ணியில முங்கி எழுந்துட்டு... ஃபின்லாந்துக்காரன் சவுனாவுல நீராவிக் குளியல் வேணாம்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். நமக்கு முங்கக் கத்துக்குடுக்கற காலெர்வோ அண்ணன்லேருந்து எல்லாரும் உள்ள அம்மணமா உக்காந்து சாசேஜ் தின்னுட்டு இருக்காங்க, வா!

டௌனோ: சிர்பா... சூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு.

சிர்பா: ஒரு சொட்டு போகாத சூட்டுலயா? எங்க?

டௌனோ: கீழ... தொடைப் பக்கம்.

சிர்பா: ஜிப் முதுகு மேல, ரெண்டு தோளுக்கும் நடுவுல இருக்கு. தோள் நனைஞ்சுதா?

டௌனோ: இல்ல.

சிர்பா: முதுகு?

டௌனோ: தண்ணி கீழதானே எறங்கும்!

சிர்பா: முதுகத் தொடாமலா?

டௌனோ: சும்மா போலீஸ் மாதிரி...

காலெர்வோ: கதவ மூடுங்கடா, சூடெல்லாம் வெளிய போவுது! அங்க என்ன பஞ்சாயத்து?

டௌனோ: ஒண்ணுமில்ல அண்ணே... சூட் கொஞ்சம் ஒழுகிடுச்சு.

காலெர்வோ: ஒழுகிடுச்சா? இவன் ஜிப்ப மூடினது யாரு?

சிர்பா: ...நான்தான் அண்ணே.

காலெர்வோ: அப்ப ஞாயித்துக்கெழம பனிப்பாளத்துக்கு அடியில முங்கறதுக்கு நீ வர வேணாம்மா. ஜோடி ஆளோட ஜிப்ப மூடத் தெரியாதவங்கள அங்க எறக்க மாட்டேன்.

டௌனோ: அண்ணே, அது... ஜிப்புனால இருக்காது...

காலெர்வோ: வேற எப்படிடா பூரும்?

சிர்பா: ஜிப்தான் அண்ணே. அவசரத்துல பாதியில விட்டுட்டேன்.

டௌனோ: ஏய்! ரெண்டு தடவ இழுத்துப் பாத்தியே!

சிர்பா: மெல்லப் பேசு.

டௌனோ: ரெண்டு குளிர்காலமா இதுக்குத்தானே தவமா தவம் கெடந்த?

சிர்பா: அடுத்த வருஷமும் ஏரி உறையத்தான் போவுது. திரும்புடா.

டௌனோ: ...காலெர்வோ அண்ணே!

காலெர்வோ: என்னடா?

டௌனோ: ஜிப் சரியாத்தான் இருந்துச்சு! நாந்தான்... முங்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபிளாஸ்க் காபி குடிச்சேன். முங்கறப்ப அவசரத்துக்குன்னு நீங்க குடுத்த டயப்பரையும் கட்டிக்கல. நான் என்ன கொழந்தையான்னு கார்லயே போட்டுட்டு வந்துட்டேன். உள்ள இருக்கறது... ஏரித் தண்ணி இல்ல!

காலெர்வோ: ...டேய், சிரிக்காதீங்கடா, சாசேஜ் தொண்டையில சிக்கிக்கும்! சிர்பா, ஞாயித்துக்கெழம நீ வர்ற. டௌனோ, நீ மொதல்ல குளி. நல்லா சோப்புப் போட்டுக் குளி!

டௌனோ: போச்சு, மானமே போச்சு... ஆமா, உனக்கு முன்னாடியே தெரியுமா?

சிர்பா: தண்ணிக்கடியிலயே தெரியும். கிடுகிடுன்னு நடுங்கிட்டிருந்த ஆளு, திடீர்னு சொர்க்கத்தப் பாத்த மாதிரி கண்ணு சொக்கி நின்னியே! அந்த சுகத்தப் பாத்துட்டு எனக்கும் தாங்கல, நானும் போயிட்டேன். என்ன... நான் டயப்பர் கட்டியிருந்தேன்.