இரண்டாம் முறை கேட்டால் பச்சை

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். சொல்லிவிட்டேன். நான் எதையும் ஒருமுறைதான் சொல்வேன்.

மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைச் சேமிக்கும் மென்பொருளை எழுதியவள் நான். நர்ஸ் சேவ் பட்டனை அழுத்தியதும் எல்லாம் டிஸ்க்கில் ஏறிவிடாது. கம்ப்யூட்டரின் இயங்குதளம் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, பிறகுதான் எழுதும். "எழுதியாச்சா?" என்று என் நிரல் கேட்க வேண்டும். டிஸ்க் பழுதென்றால் "இல்லை" என்று ஒரே ஒருமுறை பதில் வரும். மறுபடி கேட்டால் "ஆச்சு" என்று கூசாமல் சொல்லும். எழுதியதால் அல்ல, அந்த விவரத்தையே கைகழுவிவிட்டதால்.

முதல் 'இல்லை'யிலேயே மென்பொருளை நிறுத்திவிட வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். தாத்தா காலத்திலிருந்து பட்டம் வாங்கும் குடும்பம் அவருடையது. மூளையை மட்டும் யாரும் வாங்கி வைக்கவில்லை.

"நிறுத்தினா ஆஸ்பத்திரிக்காரன் என் கழுத்தப் பிடிப்பான்மா. திரும்பக் கேளு. ரெண்டாவது தடவை சரின்னு வந்தா நர்ஸ் திரையில பச்சை காட்டு."

"அது பொய் சார்."

"உங்க வீட்ல நீதானே முதல் டிகிரி? அதான் புஸ்தகத்த அப்படியே ஒப்பிக்கிற."

அறையே சிரித்தது. அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன், ஓர் எழுத்து பிசகாமல். டிஸ்க் எப்போது பல்லிளிக்கும் என்று காத்திருந்தேன்.

ஒரு மதியம் இளித்தது. என் திரையில் 'இல்லை' வந்தது, பின்னாலேயே 'ஆச்சு'. கையோடு வார்டிலிருந்து நர்ஸ் அக்கா போன் செய்தார்.

"பாப்பாவுக்கு ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு போட்டேன்மா. திரை ஒரு நொடி முழிச்சுது. பதிவாயிருச்சுல்ல? டியூட்டி முடிஞ்சு கிளம்பறேன்."

"பச்சை வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"அப்ப கிளம்புங்க."

அடுத்து வந்த நர்ஸ் அதே மருந்தை ஊசியில் ஏற்றினார். அவரைக் குறை சொல்லாதீர்கள், அவர் பார்த்த திரையில் தடை எதுவும் இல்லை. சாயங்காலம் மேனேஜர் என் மேசைக்கு ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

அக்காவிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் திரும்பப் பதிந்திருப்பார். குழந்தை பிழைத்திருக்கும். அந்த ஆளின் முட்டாள்தனம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைப் போலப் பொய் சொல்லவில்லை. பச்சை வந்ததா என்றுதான் கேட்டேன்.