வெண்ணெய் எங்களோடது

ஏறாம என்ன பண்ணும் சிஸ்டர்? நேத்து சாயங்காலம் என் மாமியார் குன்வோர் வீட்டுக் காப்பி மேசையில நீங்க உக்காந்திருந்தா, மாசமா இல்லாத உங்களுக்கே பிரஷர் ஏறியிருக்கும். பேசாம இருக்கணுமா? பிரஷரைத் திரும்பப் பாக்கற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னா, அது நம்மால ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் மாதிரி சுடுவோமே, நடுவுல பிளம் ஜாம் வச்சு, அதை நான் சுட்டு எடுத்துட்டுப் போனேன். அடுக்கு அடுக்கா நல்லா வந்திருக்கே, வோய்தைகினாவான்னு என் வீட்டுக்காரன் ரூரிக் கேட்டான். வெண்ணெய் மாவான்னு கேட்டான், அவ்வளவுதான். உடனே அவங்கம்மா, அது எங்க ஸ்வீடிஷ் சொல்லும்மா, ஸ்மோர்தேக், ஸ்மோர்னா வெண்ணெய், தேக்னா மாவு, அதைத்தான் நீங்க ஃபின்னிஷ்ல அப்படியே மாத்தி வச்சிருக்கீங்க, அதுக்கு முன்னால உங்ககிட்ட வெறும் கஞ்சிதானேன்னு சிரிக்கறாங்க.

கஞ்சியாம்! யுனிவர்சிட்டியில மொழியியல் படிக்கறவகிட்ட!

இல்ல சிஸ்டர், அது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. மாத்தினதாவே இருக்கட்டும். அவங்களுக்குத் தெரியாததையும் நானே எடுத்துக் குடுத்தேனே. மாவுன்னு சொல்ற அந்த தைகினா, அதுவும் பழைய ஜெர்மானியக் கடன்தான். உங்க தேக்ங்கற சொல்லுக்கு அது ஒண்ணுவிட்ட அக்கா. ரெண்டாயிரம் வருஷமா பிசைஞ்சுக்கிட்டிருக்கோம், இப்பத் திருப்பித் தரணுமா? ஆனா வோய், அந்த வெண்ணெய், அது எங்களோடது. ஹங்கேரிக்காரன்கூட கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லுவான், மொழியில நாங்க பங்காளிங்க. எங்க வெண்ணெய் இல்லாம உங்க மாவு அடுக்கு விடுமான்னு கேட்டேன்.

குரல் கொஞ்சம் ஒசந்துதான் போச்சு. ரூரிக் வாய் நெறைய அடைச்சுக்கிட்டு, அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்கறான். நானா? கோட்டை மாட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்கு வான்னு காலையிலேருந்து போன். மாட்டேன்.

ஒரு பலகாரத்துக்கா இவ்வளவுன்னுதானே பாக்கறீங்க?

பொறந்ததும் புள்ளைக்குத் தாய்மொழி என்னன்னு பதியணுமில்ல, நம்ம நாட்டுல அதுக்கு ஒரே ஒரு மொழிதான் போட முடியும். ஸ்வீடிஷ்னே போட்டுடலாம், உனக்கு என்ன கொறைஞ்சு போகுதுன்னு அதே மேசையில அவங்கம்மா கேட்டாங்க. ரூரிக் தலையாட்டினான். அதுக்கப்புறம்தான் இந்த மாவுப் பேச்சே வந்துச்சு.

புள்ளை ஸ்வீடிஷ் பேசட்டும் சிஸ்டர், நான் வேண்டாம்னா சொல்றேன்? ஸ்வீடிஷ்லயே என்னோட சண்டை போடட்டும், தப்பா பேசினா நானே திருத்தறேன். பதியறப்போ ஃபின்னிஷ்னுதான் போடுவேன்.